பதினைந்து எண்ணும் வரை

போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. பார்க்கப் போனேன். உள்ளே விடவில்லை, கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். ஒவ்வொரு தொட்டிலுக்கும் ஒரு மிஷின். பிள்ளை மூச்சு எடுக்க மறந்தால் மிஷின் கத்துகிறது, தாதிப் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். அவர்களில் ஒருத்தி வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மம்மா, நீங்கள் முந்தி ஒரு ஆஸ்பத்திரியில குறைமாதப் பிள்ளையளைப் பாத்தனீங்களாம். அப்ப இந்த மிஷின் இருந்ததோ?"

"நான்தான் புள்ள அந்த மிஷின்" என்றேன்.

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள், கதிரை போட்டாள், தேத்தண்ணி தந்தாள். எல்லாம் சொல்லி முடித்ததும், "எழுதித் தாங்கோ அம்மம்மா, நாங்கள் வைச்சிருப்பம்" என்றாள். எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், என் பேச்சைச் சலவை செய்துதான் போடுவாள். ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

நான் மலைநாட்டுக்காரி. பதின்மூன்று வயதில் தேயிலைக் கொழுந்து எடுக்கக் கூடை கட்டியவள். எழுபத்தேழுக் கலவரத்தில் அங்கே இருக்க முடியாமல் போய், நானும் வீட்டுக்காரரும் ஓமந்தைப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடிசை போட்டோம். முதல் மழைக்கே கூரை பறந்தது, அது வேறு கதை. இரண்டு மூன்று வருஷம் கூலிக்கு மண்வெட்டி பிடித்த பிறகு, ஆஸ்பத்திரியில் சிற்றூழியர் வேலை கிடைத்தது. தரை துடைப்பது, துணி அலசுவது, சுடுதண்ணீர் போத்தலைப் பழைய துணியில் சுற்றிப் பிள்ளைகளின் கால்மாட்டில் வைப்பது. நான் "ஆமாங்க" என்றால் மற்றப் பெண்கள் "ஓம் எண்டு சொல்லுங்கோ அக்கா, நாக்குக் கழண்டு விழாது" என்று கேலி செய்வார்கள். எத்தனை வருஷம் போயும் எனக்கு "ஆமாங்க"தான் வருகிறது.

ஒருநாள் குறைமாதப் பிள்ளைகளின் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை அசையாமல் கிடந்தது. வாயைச் சுற்றி நீலம். யோசிக்கவே இல்லை, கை ஈரத்தைச் சீலையில் துடைத்துவிட்டு உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். பிள்ளை திடுக்கிட்டு மூச்சை இழுத்தது. நிமிர்ந்தால் வாசலில் பிள்ளைகளைப் பார்க்கிற டொக்டர் நிற்கிறார்.

"ஆர் உங்களுக்குப் பழக்கினது?"

"யாரும் இல்லீங்க ஐயா. அசையாம கெடந்துச்சு, தட்டுனேன்."

அவர் அந்த அறைத் தாதிகளுக்குப் பொறுப்பான பெரிய மிஸ்ஸியைக் கூப்பிட்டு, என்னை இனி அந்த அறையிலேயே விடச் சொன்னார். பெரிய மிஸ்ஸி யாழ்ப்பாணத்துக்காரி. மெலிந்த ஆள், தொப்பியில் ஒரு சுருக்கம் இருக்காது.

"டொக்டர், இவவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது."

"கண் தெரியும்தானே" என்றார் டொக்டர்.

அந்த டொக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறைக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். முழங்கை வரை கை கழுவுவார், நாமும் அப்படிக் கழுவும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். நெஞ்சில் வைக்கிற குழாயின் நுனியைத் தன் கமக்கட்டுக்குள் வைத்துச் சூடாக்கிய பிறகுதான் பிள்ளை மேல் வைப்பார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மிஸ்ஸியோ கூலிக்காரியோ, எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "என்ன கண்டனீங்கள்?" நாம் ஏதாவது கதை கட்டத் தொடங்கினால் கையை உயர்த்துவார். "நினைச்சதைக் கேக்கேல்ல. கண்டதைச் சொல்லுங்கோ." ஆஸ்பத்திரித் தேத்தண்ணியை அவர் சீனி இல்லாமல் குடிப்பார். அது தேயிலையே இல்லை, தூசி என்று நான் சொன்னபோது மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

குறைமாதப் பிள்ளை ஏன் மூச்சை மறக்கிறது என்று எனக்கு விளங்கும்படி சொன்னவரும் அவர்தான். "மூச்சு எடு எண்டு சொல்லுற இடம் மூளையில இன்னும் முத்தேல்ல, பாக்கியம். பிள்ளை நித்திரையில அப்பிடியே விட்டிடும். முத்த நாள் எடுக்கும். அதுவரைக்கும் ஆராவது ஞாபகப்படுத்த வேணும்."

எண்ணிக்கை அவர் பழக்கினது. தன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே தொட்டில் கம்பியில் விரலால் தட்டுவார், அந்த வேகத்துக்கு நான் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். மணிக்கூடு இல்லாமலே பிசகாமல் எண்ண இரண்டு கிழமையில் பழகிவிட்டேன். சட்டம் இதுதான். நெஞ்சு நின்றால் எண்ணத் தொடங்கு. பதினைந்துக்குள் பிள்ளை தானாக எடுத்தால் தொடாதே. பதினைந்து ஆனால் சுண்டு, சுண்டியதைக் கணக்கில் போடு. நிறம் மாறினால் எண்ணாதே, உடனே சுண்டு, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடு.

எழுதத் தெரியாதவள் எப்படிக் கணக்குப் போடுவது? நெருப்புக்குச்சி போடட்டுமா என்று கேட்டேன். பெரிய மிஸ்ஸிக்குக் கண் வெளியே வந்துவிட்டது. "ஒட்சிசன் ஓடுற அறையில நெருப்புக்குச்சியோ? எங்கள் எல்லாரையும் ஒரேயடியா அனுப்பப் பாக்கிறீர்!" கடைசியில் புளியங்கொட்டை. அவிய வைத்துக் கழுவிய கொட்டைகள் ஒரு தகரப் பேணியில் இருக்கும். ஒருதரம் பதினைந்து வரை நின்றால் ஒரு கொட்டையைப் பிள்ளையின் தட்டில் போட வேண்டும். காலையில் டொக்டர் வந்து தட்டைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார்.

மருந்து என்றால் கோப்பி மருந்து. கோப்பியில் இருக்கிற சத்தைத் தூளாக எடுத்தது. டொக்டர் கொழும்பிலிருந்து சிறிய போத்தலில் கொண்டுவருவார். மருந்து கலக்கிறவர் அதை நிறுத்துத் தண்ணீர் மருந்தாக்குவார். முதல் நாள் கூடுதலாக, பிறகு ஒருநாளைக்கு ஒருதரம் சில துளி, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற குழாயில். அது மூளையைத் தட்டி, மூச்சு எடு மூச்சு எடு என்று சொல்லிக்கொண்டிருக்குமாம். என்னோடு வேலை செய்த கமலம், இருபது வயது, வாய் சும்மா இருக்காது, "அப்ப வீட்டிலயே ஒரு கோப்பி ஊத்திக் குடுக்கலாமே மிஸ்ஸி?" என்று கேட்டாள். "நீர் ஊத்தினால் பிள்ளை எழும்பி முருங்கையில ஏறும். தூள் நிறுக்கிறது உம்மட கரண்டிக் கணக்கில்லை" என்றார் பெரிய மிஸ்ஸி.

இனி, துணுக்காய் என்கிற ஊரிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் கதை. தாய் சந்திரா, வயல் செய்கிற குடும்பம். முந்தி இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போனது. இது மூன்றாவது, ஆண். இரண்டே முக்கால் இறாத்தல், ஒன்றேகால் கிலோ இருக்கும். முப்பத்தோராம் நாள் கழியாமல் பெயர் வைக்க மாட்டோம் என்றார்கள், அதனால் துணுக்காய்ப் பிள்ளை என்றே நாங்கள் கூப்பிட்டோம்.

முதல் ஒரு கிழமை மூச்சுக்கே திண்டாட்டம். விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. டொக்டர் மூக்கில் சின்னக் குழாய் வைத்து ஒட்சிசன் விட்டார். அதிலிருந்து பிரிந்து வருகிற இன்னொரு குழாயின் நுனியை ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள் அமிழ்த்தி வைத்தார். காற்று வெளியேற வேண்டுமானால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்த எதிர்ப்பில் பிள்ளையின் நுரையீரல் ஒட்டிப் போகாமல் விரிந்து நிற்குமாம். போத்தலில் குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். குமிழி நின்றால் எங்கோ காற்றுக் கசிகிறது, அல்லது பிள்ளை வாயைத் திறந்துவிட்டது. நாடியை மெல்லத் தூக்கி வாயை மூடினால் மறுபடி குளுகுளுவென்று வரும். சோறு பொங்குகிற சத்தம் மாதிரி. எனக்கு அது பிடிக்கும்.

எட்டாம் நாள் போத்தல் வேண்டாம் என்றாகிவிட்டது. ஆனால் நித்திரையில் மூச்சை மறக்கத் தொடங்கினான். கோப்பி மருந்து தொடங்கினார்கள். தட்டில் பதினொரு கொட்டை, பிறகு ஆறு, பிறகு இரண்டு. பிறகு ஒன்றும் இல்லை. பகல் முழுக்க நான்தான் அவன் பக்கத்தில். இரவுக்கும் அவனுக்கென்று ஒருத்தியை வைத்திருந்தார்கள், அவளுக்கு நான்தான் பழக்கிக் கொடுத்தேன். காலையில் டொக்டர் வந்து தட்டைப் பார்ப்பார். "என்ன கண்டனீங்கள்?" "ஒன்னுமில்லீங்க ஐயா." வெறும் தட்டு, எட்டு நாள். சந்திரா என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மருந்தை நிறுத்தினார்கள்.

நிறுத்தி ஐந்தாம் நாள் எங்கள் குடியிருப்பில் மாரியம்மன் பொங்கல். நான் லீவு. இரவுக்காரியும் எங்கள் பக்கத்து ஆள்தான், அவளும் லீவு. பகலும் இரவும் கமலத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனேன். மறுநாள் காலை வீட்டுக்காரர் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார், பொங்கல் வாளியும் கையுமாக உள்ளே போனால், நடையில் பெரிய மிஸ்ஸி கமலத்தை நிற்க வைத்துக் கிழித்துக்கொண்டிருக்கிறார்.

"பாக்கியத்தின்ர கையில இத்தினை நாள் ஒரு கொட்டை இல்லை. உம்மட கையில ஒரு நாளுக்குள்ள ஏழு. கடைசியில நீலமாய்ப் போய் டொக்டர் பையால அமத்தி மூச்சுக் குடுத்தது. நித்திரையோ கொண்டனீர்?"

"மிஸ்ஸி, நான் கண் மூடேல்ல. பிள்ளை நிண்டது. பதினைஞ்சு எண்ணினன், சுண்டினன், கொட்டை போட்டன். நீங்கள் சொன்னதைத்தான் செய்தனான்."

"வாய் காட்டாதையும். மேலிடத்துக்கு எழுதி அனுப்பப் போறன். இனி இந்த அறைப் பக்கம் வர வேண்டாம்."

கமலத்துக்கு இந்த வேலை போனால் வேறு பிழைப்பு இல்லை. தகப்பன் நடமாட்டம் இல்லாதவர். அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. பதினைஞ்சுதானே?"

வாளியை நடையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். துணுக்காய்ப் பிள்ளைக்கு மூக்கில் மறுபடி குழாய், போத்தலில் குமிழி. சந்திரா சுவரோடு ஒட்டி நிற்கிறாள். டொக்டர் முழங்கை வரை கழுவிக்கொண்டிருந்தார். நன்றாயிருந்த பிள்ளை காரணமில்லாமல் மூச்சை விடுகிறது என்றால் கிருமி மூளைக்குப் போயிருக்கலாம், முதுகில் ஊசி குத்தித் தண்ணி எடுத்துப் பார்க்க வேண்டும், பிறகு யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தாதியிடம் சொன்னார். அந்த றோட்டில், அந்த வெயிலில், ஒரு சிலிண்டர் ஒட்சிசனோடு.

காரணம் இல்லாமலா? காரணம் நான்.

கொழுந்து எடுக்கிற கை என்ன கை என்று தெரியுமா? கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் கிள்ளிவிடும். அதுதான் எனக்குப் பெருமை. முதல் சில நாள் பதினைந்து வரை எண்ணினேன், பிறகு துணுக்காய்ப் பிள்ளையின் நெஞ்சு நின்றால் என்னால் பொறுக்க முடிவதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, சுண்டிவிடுவேன். பதினைந்து ஆகவில்லையே, அதனால் கொட்டையும் போட மாட்டேன். சட்டப்படி சரிதானே என்று நினைத்தேன். இரவுக்காரிக்கும் அதைத்தான் காட்டிக் கொடுத்திருந்தேன். அவளும் எங்கள் ஆள், அவளுக்கும் அதே கை. தட்டு வெறுமையாக இருந்தது பிள்ளை தேறியதால் இல்லை. நாங்கள் எண்ண விடாததால்.

"ஐயா, ஊசி போடாதீங்க."

அறையில் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏன்?"

"எங்கிட்டயும் மூச்சு நின்னுச்சுங்க. தெனமும் நின்னுச்சு. நான்தான் மூணு எண்ணுறதுக்குள்ள சுண்டிட்டேன். கமலம் மேல தப்பு இல்லீங்க, அவ சரியாத்தான் பாத்திருக்கா."

"ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

"தெரியாதுங்க. எண்ண விடல."

டொக்டர் தண்ணீரை நிறுத்திவிட்டுத் தன் உள்ளங்கையை நீட்டினார். "இதில சுண்டிக் காட்டுங்கோ." சுண்டினேன். தன் கையைப் பார்த்தார். ஏசுவார், வெளியே போ என்பார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் லேசாயிருந்திருக்கும்.

"பாக்கியம், நான் இத்தினை நாளும் தட்டில பாத்தது உங்கட விரலை. பிள்ளையை நீங்கள் எனக்குக் காட்டேல்ல."

முதுகு ஊசியைத் தள்ளி வைத்தார். இரத்தம் மட்டும் எடுத்துப் பார்த்தார், கிருமி தெரியவில்லை. மருந்து உடம்பைவிட்டுப் போக நாலைந்து நாள் எடுக்கும், அது போனதும் பழைய மறதி வெளியே வந்திருக்கிறது என்றார். கோப்பி மருந்தை மறுபடி, முதல் நாள் அளவிலிருந்து தொடங்கினார். மறுநாள் நிற்பது பாதியாகக் குறைந்தது. யாழ்ப்பாணப் பயணம் நின்றது.

பெரிய மிஸ்ஸி எழுதின துண்டை நாலாகக் கிழித்தார். கமலத்திடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. "உம்மட எண்ணிக்கை சரி. இனி நீர்தான் பாக்கியத்துக்குப் பழக்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கமலம் விடுவாளா? மூன்று நாள் என் பக்கத்தில் வாத்தியார் மாதிரி இருந்தாள்.

"கையைத் தொடைக்குக் கீழ வையுங்கோ அக்கா."

"வச்சிருக்கேன் புள்ள."

"விரல் துடிக்குது. உங்கட கைக்கு ஒரு கூடையைக் குடுத்து வெளியில விட வேணும்."

"ஒன் வாய்க்கு என்னாத்த குடுக்குறது?"

என்னை அந்த அறையிலிருந்து எடுக்கவில்லை. அதைத்தான் இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். டொக்டர் என்னை எடுத்திருந்தால் நான் கடைசிவரை சுண்டுகிறவளாகவே இருந்திருப்பேன். இரவுக்காரியை நானே கூட்டிவந்து கமலத்துக்கு முன்னால் உட்கார வைத்தேன். மெல்ல மெல்லப் பார்க்கப் பழகினேன். எல்லா நிற்றலும் ஒன்றில்லை என்று கண்டேன். சில பிள்ளை நாலைந்து மூச்சு வேகமாக எடுத்துவிட்டு இளைப்பாறும், பிறகு தானாகத் தொடங்கும். அதை நான் முன்பு எழுப்பி எழுப்பி நித்திரையைக் கெடுத்திருக்கிறேன். கண்ணிமை, உதடு, நகக்கண், எங்கே நிறம் முதலில் போகும் என்றும் பார்த்தேன். கை சும்மா இருந்தபோதுதான் கண் வேலை செய்தது.

மூன்று கிழமை போனது. பிள்ளை நாலு இறாத்தலைத் தொட்டான், பாலை உறிஞ்சத் தொடங்கினான். தட்டு வெறுமை. இந்த முறை உண்மையான வெறுமை, கமலமும் பார்த்த வெறுமை. மருந்தை நிறுத்தினார்கள். ஒரு கிழமை தானாக மூச்சு எடுத்தால் வீடு என்றார் டொக்டர்.

ஐந்தாம் நாள் காலை. டொக்டர் வெளிநோயாளர் பக்கம் போய்விட்டார். கமலம் துணி எடுக்கப் போயிருந்தாள். சந்திரா என் பக்கத்தில். பிள்ளை பால் குடித்துவிட்டு நித்திரை. மூச்சுப் பை கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது.

நெஞ்சு நின்றது.

சந்திரா என்னைவிட முதல் கண்டுவிட்டாள். "அக்கா! நிண்டிட்டான்! சுண்டுங்கோ!"

ஒன்று. இரண்டு. மூன்று. உதட்டைப் பார்த்தேன். சிவப்பு.

"என்னக்கா பாத்துக்கொண்டிருக்கிறியள்? சுண்டுங்கோவன்!"

ஐந்து. ஆறு. அவள் தானே பிள்ளையின் காலுக்குக் கையை நீட்டினாள். எட்டிப் பிடித்தேன், என் இரண்டு கையாலும். இழுத்துப் பார்த்தாள். விடவில்லை. எட்டு. நகக்கண் சிவப்பு. முந்திப் போன இரண்டு பிள்ளைகளையும் பெயரில்லாமலே கூப்பிட்டு அழத் தொடங்கினாள். பத்து. என் விரல் எல்லாம் அவள் கையைச் சுற்றித் துடிக்கிறது. நான் சுண்டினால் தானாக எடுப்பானா என்று தெரியாது, மறுபடி மருந்து, இன்னும் மூன்று கிழமை இவன் இங்கேதான் கிடப்பான், வீட்டுக்குப் போனால் யார் சுண்டுவது? பதினொன்று. உதடு சிவப்பு. பன்னிரண்டு.

நெஞ்சு ஏறியது. ஒரு சின்ன இழுப்பு, பிறகு இன்னொன்று, பிறகு ஓட்டமாக ஓடுகிற மூச்சு. நித்திரையில் ஒரு பக்கத்து வாயால் சிரித்தான். யாரும் தொடவில்லை.

நானும் சந்திராவும் அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே நின்றோம். இருபது மூச்சு இருக்கும், முப்பதும் இருக்கும். எண்ணவில்லை. பிறகு அவள் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"அக்கா, அவன் எடுத்திட்டான். இனி என்ர கையை விடுங்கோவன், நோகுது."